பார்ப்பது யாருக்காக?

கடவுள் நம்பிக்கை உள்ளவர்களிடம் இணையக் கண்காணிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: மேலே இருப்பவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான், தப்புச் செய்யாதவனுக்கு எதற்கு ஒளிவு மறைவு? நம்பிக்கை இல்லாதவர்களும் கடவுளை மட்டும் எடுத்துவிட்டு இதையே சொல்கிறார்கள். இந்தப் பதிலை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்ற நேர்மை அதற்குள் இருக்கிறது. ஆனால் அந்த நேர்மையிலிருந்து, யார் வேண்டுமானாலும் என்னை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற முடிவுக்குத் தாவுகிறோமே, அந்தத் தாவலில்தான் பிழை. எல்லாம் அறிந்த இறைவனை முழுமனதாக ஏற்ற மரபுகளே, மனிதர் மனிதரைத் துருவுவதற்குக் கடுமையான வேலியும் போட்டிருக்கின்றன. அது ஏன் என்று யோசித்தால், பிரவுசரைத் திறக்கும்போது நாம் எதைக் காக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

முதலில், பார்ப்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டும். பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட இடம் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு: சவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் வானியலாளர் வேணு பாப்பு முதலில் நிறுவியது 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி. 1972இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அவர் 1982இல் இறந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அவர் பெயரிலேயே திறக்கப்பட்டது. இங்கே வேலை செய்பவர்கள் எந்த விண்மீனையும் தொட்டதில்லை, அதன் அருகில் போனதில்லை. அவர்கள் கைக்கு வருவது துளி ஒளி மட்டுமே. அந்தத் துளியை நிறம் நிறமாகப் பிரித்தே அந்த விண்மீனில் என்னென்ன தனிமங்கள் உள்ளன, எவ்வளவு சூடு, நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்று சொல்லிவிடுகிறார்கள்.

1977 மார்ச் 10ஆம் தேதி இரவு அங்கே நடந்ததை இந்த விவாதத்துக்காகவே நினைவுபடுத்திக்கொள்ளலாம். யுரேனஸ் கோள் தொலைதூர விண்மீன் ஒன்றுக்கு முன்னால் கடக்கவிருந்தது. அதை அளக்க உலகின் பல இடங்களில் ஏற்பாடு. காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் இருந்தார்கள். கோள் விண்மீனை மறைப்பதற்கு முன்பே, விண்மீனின் ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. அவ்வளவுதான் கிடைத்த தடயம். இந்தியப் பெருங்கடலுக்கு மேலே விமானத்தில் இருந்தபடி அளந்த அமெரிக்கக் குழுவும் இதே போன்ற மங்கல்களைக் கோளின் இரு பக்கமும் கண்டது. அதிலிருந்து, அதுவரை எந்தத் தொலைநோக்கியிலும் கண்ணுக்குத் தென்படாத யுரேனஸின் வளையங்கள் உலகுக்குத் தெரியவந்தன. வளையத்தை யாரும் பார்க்கவில்லை. வேறொன்றின் ஒளியில் விழுந்த சிறு குறையை மட்டும் பார்த்தார்கள்.

பிரவுசரில் நம்மைப் பார்ப்பவர்களும் இப்படித்தான் பார்க்கிறார்கள். நம் கடிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. எந்த நேரத்தில் எந்தத் தளத்துக்குப் போனோம், எத்தனை விநாடி ஒரு படத்தில் நின்றோம், எந்த இடத்தில் பாதியில் மூடினோம் என்ற மங்கல்கள் போதும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவான குக்கீ, கடைக்காரர் வாடிக்கையாளரை மறுபடி அடையாளம் காணும் சிறு சீட்டாகத்தான் பிறந்தது. இன்று நாம் பார்க்கும் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத விளம்பர நிறுவனங்கள் அந்தச் சீட்டைத் தளத்துக்குத் தளம் தொடர்கின்றன. குக்கீயை அழித்தாலும் முற்றாகத் தப்ப முடிவதில்லை. திரையின் அளவு, நிறுவியிருக்கும் எழுத்துருக்கள், பிரவுசரின் பதிப்பு போன்ற சாதாரண விவரங்களைச் சேர்த்தாலே அது விரல்ரேகை போல ஆகிவிடுகிறது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த சுமார் 4,70,000 பிரவுசர்களில் நூற்றுக்கு 83க்கும் மேற்பட்டவை வேறு எதனோடும் ஒத்துப்போகாமல் தனித்து நின்றன.

பெயரை எடுத்துவிட்டால் ஆபத்தில்லை என்று நிறுவனங்கள் சொல்கின்றன. இந்த விஷயத்தில் தமிழ் இலக்கணிகள் மிகப் பழைய காலத்திலேயே யோசித்து முடித்திருக்கிறார்கள். அகப்பாட்டில் காதலரின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. ஒருவரின் உள்ளத்து வாழ்வைப் பாடலாம், ஆனால் அது இன்னார் என்று ஊர் விரல் நீட்டும்படி பாடக் கூடாது. நெடுநல்வாடையில் பெயர் எதுவும் இல்லை. பிரிந்த தலைவியின் துயரும் பாசறையில் தலைவன் இருப்பும்தான் பொருள். அப்படியும், வேலில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதால் அது புறத்தைச் சேரும் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். ஒரே ஒரு தழை. பெயரை நீக்கியும் அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதையும், அடையாளம் வந்ததும் அகம் புறமாகிவிடும் என்பதையும் இதைவிடத் துல்லியமாகச் சொன்னவர்கள் இல்லை.

சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிகோவுடன் சேர்ந்து 2008இல் இதையே கணக்கில் காட்டினார். நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006இல் தன் சந்தாதாரர்களில் சுமார் 4,80,000 பேர் படங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டிருந்தது. ஒருவர் மதிப்பிட்ட 8 படங்கள் தெரிந்து, அதில் இரண்டு தவறாகவே இருந்து, தேதிகளில் இரண்டு வாரம் முன்பின் ஆனாலும், நூற்றுக்கு 99 பதிவுகளைத் தனியே பிரித்து எடுத்துவிடலாம் என்று அவர்கள் நிறுவினார்கள். படத்துக்குப் போட்ட மதிப்பெண்ணே ஒரு ஆளின் அரசியலையும் சமயத்தையும் பாலியல்பையும் ஊகிக்க இடம் தரும் என்றால், இரவு இரண்டு மணிக்குத் தேடுபெட்டியில் தட்டிய கேள்வி எவ்வளவு தரும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

ஊகம் சரியாக இருந்தால் ஒரு கேடு. தவறாக இருந்தால் இன்னொரு கேடு. காவலூர்க் குழு முதலில் தான் கண்ட மங்கலை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்றே கருதி நேச்சர் இதழில் எழுதியது. மற்ற இடங்களின் அளவீடுகளோடு ஒப்பிட்ட பிறகு அது வளையம் என்று தெளிந்தது. அறிவியலுக்கு இதில் இழுக்கே இல்லை. தடயத்தை எல்லோர் முன்பும் வைத்து, தவறைத் திருத்திக்கொள்ளும் வழி அங்கே இருந்தது. நம்மைப் பற்றிய ஊகங்களுக்கு அந்த வழி இல்லை. கடன் கேட்டவருக்கு மறுப்பு வரும்போது, அவரைப் பற்றி எந்த மங்கலிலிருந்து எந்தத் துணைக்கோளைக் கண்டுபிடித்தார்கள் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. யுரேனஸுக்குத் தன்னைப் பற்றி எழுதியதால் ஒரு நஷ்டமும் வரவில்லை. மனிதருக்கு வேலையும் வாடகை வீடும் போகலாம்.

அதைவிட ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. விண்மீன் பார்க்கப்படுவதை அறியாது. அறிந்து மாறவும் மாறாது. மனிதர் மாறுகிறார். 2013 ஜூன் மாதம் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க அரசின் இணையக் கண்காணிப்பை வெளிப்படுத்திய பிறகு, பயங்கரவாதத்தோடு தொடர்புபடுத்தக்கூடிய விக்கிப்பீடியா கட்டுரைகளைப் படிப்போர் தொகை குறைந்ததை ஜோனத்தன் பென்னி என்ற சட்ட ஆய்வாளர் எண்களோடு காட்டினார். அவற்றைப் படிப்பது அமெரிக்காவில் குற்றமாக இருக்கவில்லை. பார்க்கிறார்கள் என்ற எண்ணமே போதுமாக இருந்தது. மலைக் கிராமத்தில் இருக்கும் ஒரு பெண் தன் உடலில் கண்ட கட்டியைப் பற்றித் தேட வேண்டும். ஒரு இளைஞன் தான் பிறந்த மதத்தின் மீது வந்த சந்தேகத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். சாதி மறுத்துத் திருமணம் செய்தால் சட்டம் என்ன பாதுகாப்புத் தரும் என்று இருவர் அறிய வேண்டும். இவை எதிலும் குற்றம் இல்லை, ஒளிக்க வேண்டிய இழிவும் இல்லை. ஆனால் இவை முடிவாகாத எண்ணங்கள். எண்ணம் முடிவாவதற்கு முன் அதை யாரோ எடுத்துக் குறித்துவைத்துக்கொண்டால், அந்த எண்ணம் சுயமாக முடிவாவதற்கான வாய்ப்பே குறைகிறது. தனியுரிமை என்று நான் சொல்வது இந்த வாய்ப்பைத்தான்.

இனி, இறைவன் பார்க்கவில்லையா என்ற கேள்விக்கு வரலாம். சைவ சித்தாந்தம் இதற்குச் சொல்லும் விடை மிக நுட்பமானது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த சிவஞானபோதத்தை ஒட்டி, இறைவன் உயிருக்குச் செய்யும் இரண்டு உதவிகளைச் சித்தாந்திகள் பேசுவார்கள்: காட்டும் உபகாரம், காணும் உபகாரம். கண்ணுக்குத் தானாகப் பார்க்கும் ஆற்றல் இல்லை. உயிர் அதோடு நின்று காட்டியும் கூடவே கண்டும் உதவுகிறது. அதுபோல இறைவன் உயிரோடு நின்று அதற்குப் பொருளைக் காட்டி, தானும் உடன் காண்கிறான். இந்தக் காட்சியால் இறைவனுக்கு ஆவது ஒன்றுமில்லை. அவன் நிறைந்தவன், உயிரை அறிந்து அவன் அடைய வேண்டிய லாபம் எதுவும் இல்லை. பார்ப்பது முழுக்க முழுக்கப் பார்க்கப்படும் உயிருக்காக. விளம்பரச் சந்தையின் பார்வை இதற்கு நேர்எதிர். அது நம் பலவீனமான நேரத்தை அறிந்து, அந்த நேரத்தை ஏலத்தில் விற்று, விற்றவரையும் வாங்கியவரையும் வளர்க்கிறது. இரண்டையும் பார்வை என்ற ஒரே சொல்லால் குறிப்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது.

இதே சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழில்களில் மறைத்தலையும் ஒன்றாக வைத்திருக்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் ஆகியவற்றோடு மறைத்தலும் இறைத்தொழில். உயிரின் மலம் பக்குவப்படும்வரை உண்மையை அதற்கு மறைத்து, உலக அனுபவத்தில் ஈடுபடவிடுவதும் அருளின் ஒரு வடிவமே என்பது கொள்கை. இங்கே மறைக்கப்படுவது உயிருக்கு. உயிரைப் பிறரிடமிருந்து மறைப்பதைப் பற்றி அந்தக் கொள்கை பேசவில்லை. ஆகவே இதைத் தனியுரிமைக்கான சான்று என்று நான் நீட்ட மாட்டேன். ஆனால் ஒன்றை அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும்: எல்லாம் வல்லவனே எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதை நன்மையாகக் கருதவில்லை. பக்குவத்துக்குக் காலமும் திரையும் வேண்டும் என்று கருதினான். அந்தத் திரையை ஒருவர் மனத்திலிருந்து கிழிக்கும் அதிகாரத்தை எந்த நிறுவனத்துக்கும் எந்த அரசுக்கும் சித்தாந்தம் கொடுத்ததாக யாரும் காட்ட முடியாது.

மற்ற மரபுகளும் இங்கே ஒருமித்து நிற்கின்றன. திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் பிறரைத் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. வேறோரிடத்தில், அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழையாதே என்கிறது. இயேசு மலைப்பொழிவில், கதவைச் சாத்திக்கொண்டு மறைவில் வேண்டச் சொன்னார். கத்தோலிக்கத் திருச்சபை 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கத்தில், பாவ அறிக்கையில் கேட்டதை வெளியே சொல்லும் குருவைப் பதவி நீக்கி வாழ்நாள் முழுதும் தவத்தில் அடைக்க விதித்தது. கடவுளுக்கு ஏற்கெனவே தெரிந்த பாவம் அது. அப்படியிருந்தும் மனிதருக்குத் தெரியக் கூடாது என்று சபை உறுதியாக நின்றது. கடவுளுக்குத் தெரியும் என்பதால் ஊருக்கும் தெரியலாம் என்ற வாதத்தை, கடவுளை மிகத் தீவிரமாக நம்பியவர்கள்தாம் முதலில் மறுத்தார்கள்.

பார்வை இருந்தால்தான் மனிதர் ஒழுங்காக நடப்பார் என்பார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், தாங்களே காசு போட வேண்டிய காப்பி மேசைக்கு மேலே கண்களின் படத்தை ஒட்டியபோது, பூப்படம் ஒட்டிய வாரங்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு காசு விழுந்ததாக ஆய்வாளர்கள் 2006இல் எழுதினார்கள். பின்னால் வந்த சில தொகுப்பாய்வுகள் அத்தகைய விளைவை உறுதிப்படுத்தவில்லை. உறுதிப்படுத்தியிருந்தாலும் என் பதில் மாறாது. கண்ணுக்குப் பயந்து போட்ட காசு கடைக்கு நல்லது; போட்டவரை நல்லவராக்காது. வள்ளுவர் கூடாவொழுக்கத்தைக் கண்டித்தபோது துறவி வீட்டுக்கு ஒற்றரை அனுப்பச் சொல்லவில்லை. பொய்யைப் பற்றிப் பேசும்போதும் அவரவர் நெஞ்சையே சாட்சியாக நிறுத்தினார். ஒற்றாடல் என்று தனி அதிகாரம் எழுதியவர் அவர். ஒற்றரின் பயனை அறியாதவர் இல்லை. அதை அரசனின் தொழிலில் வைத்தார், குடிமகனின் அறத்தில் வைக்கவில்லை.

அந்த அரசனின் தொழில் பற்றிய ஆட்சேபம்தான் எனக்கு மிகக் கனமாகத் தெரிகிறது. குழந்தைகளை ஏமாற்றுபவர்களும் குண்டு வைப்பவர்களும் இதே இணையத்தில்தான் இருக்கிறார்கள். சந்தேகத்துக்குக் காரணம் உள்ள ஒருவரை, நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லும் கட்டுப்பாட்டோடு அரசு தொடர்வதை நான் எதிர்க்கவில்லை. எல்லோரையும் முன்கூட்டியே சேமித்துவைத்துக்கொண்டு, தேவைப்படும்போது எடுத்துப் பார்ப்பதைத்தான் எதிர்க்கிறேன். உத்தரப் பிரதேசத்தில் ஒரு கொள்ளை வழக்கில் சான்றில்லை என்று விடுவிக்கப்பட்ட கரக் சிங் என்பவரின் வீட்டுக் கதவைப் போலீசார் இரவுகளில் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 1962இல் உச்ச நீதிமன்றம் அந்த இரவுத் தட்டலை ரத்து செய்தது. ஆனால் தனியுரிமை என்று ஒன்று அரசமைப்பில் இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி சுப்பா ராவ் அதை ஏற்காமல் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். வாசலில் நின்று தட்டியவர் கண்ணுக்குத் தெரிந்தார். அவர் மேல் வழக்குப் போட முடிந்தது. இன்றைய தட்டல் சத்தமில்லாதது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் காட்டி அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு இடம் வைத்திருக்கிறது. அந்தக் கதவு அவ்வளவு அகலமாகத் திறந்திருப்பது தவறு.

இதெல்லாம் பட்டணத்துப் படித்தவர்களின் கவலை, சவ்வாது மலையில் இருப்பவருக்குச் சாலையும் ஆஸ்பத்திரியும்தான் முக்கியம் என்றும் சொல்கிறார்கள். தனியுரிமை மேட்டுக்குடிச் சரக்கு என்ற இந்த வாதத்தை 2017 தீர்ப்பே மறுத்துவிட்டது. மறுத்தது சரி என்பது மலையில் இன்னும் தெளிவாகத் தெரியும். மலையாளிப் பழங்குடியினர் போன்றவர்கள் சாதிச் சான்று, ரேஷன், ஓய்வூதியம் என்று ஒவ்வொன்றுக்கும் தம் வாழ்க்கையை அதிகாரிகளிடம் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. வசதியுள்ளவர் கதவைச் சாத்திக்கொண்டு தேடுகிறார். இல்லாதவர் வீட்டுக்கு ஒன்றாக இருக்கும் போனிலோ, இ-சேவை மையத்தில் முன்பின் தெரியாதவர் முன்னால் ஓடிபியைச் சொல்லிக்கொண்டோ தேடுகிறார். திண்ணையில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த ஊர்தானே என்றால், அந்தத் திண்ணையில் என்னைப் பார்த்தவரை நானும் பார்த்தேன். அவர் மறந்தும் போனார். சேமிப்புக் கணினி மறப்பதில்லை, அதன் முகத்தை நாம் பார்ப்பதும் இல்லை.

செய்யக்கூடியவை சில உண்டு. அவை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்து செய்ய வேண்டும். இன்காக்னிட்டோ ஜன்னல் நாம் பார்த்த பக்கங்களின் வரலாற்றை நம் கருவியில் சேமிக்காது, அவ்வளவே. தளமும் இணைய இணைப்புத் தரும் நிறுவனமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அந்த நிலையிலும் பயனர்களைத் தொடர்ந்ததாக 2020இல் தொடுக்கப்பட்ட வழக்கில், திரட்டிய பதிவுகளை அழிக்க 2024இல் கூகுள் ஒப்புக்கொண்டது. விபிஎன் போட்டால், இணைப்பு நிறுவனத்தின் மேல் வைத்த நம்பிக்கையை விபிஎன் நிறுவனத்துக்கு மாற்றுகிறோம். அவர்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது. பிற தளங்களின் குக்கீகளைத் தடுப்பதும், பின்தொடரும் நிரல்களை நிறுத்தும் பிரவுசரைப் பயன்படுத்துவதும், தேடியதைச் சேமிக்காத தேடுபொறிக்கு மாறுவதும், ஆப்களுக்குக் கொடுத்த இருப்பிட அனுமதியைத் திரும்ப வாங்குவதும் நிச்சயம் பயன் தரும். முழுக்க மறைய முடியாதே என்பதால் எதையும் செய்யாமல் விடுவது நியாயமாகாது. தடயம் குறையும் அளவுக்கு ஊகமும் தளர்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர், எனக்கு உண்மையாகவே மறைக்க எதுவும் இல்லை, என் நேரத்தை இதில் செலவிட மாட்டேன் என்று சொல்லலாம். அவரைப் பொறுத்தவரை அதை ஏற்கிறேன். ஆனால் அவர் போனில் இருக்கும் தொடர்புப் பட்டியல் அவருடையது மட்டும் இல்லை. கணவனை விட்டு ஓடிவந்து புது எண் வாங்கிய உறவுக்காரப் பெண்ணின் எண் அதில் இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்த்துவரும் நண்பரின் எண்ணும், அந்த மருத்துவரின் எண்ணும் இருக்கலாம். ஒரு ஆப் பட்டியலைக் கேட்கும்போது ‘அனுமதி’ என்று அழுத்தினால் அவர் கொடுப்பது இவர்களுடைய தடயங்களை. இவர்களில் ஒருவரையும் அவர் கேட்கவில்லை. தனக்கு மறைக்க ஒன்றுமில்லை என்பதால், இவர்கள் சார்பில் சம்மதிக்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது.